ஃபோர்-வீல் விடவில்லை: ஐந்து தீர்ப்புகளும் ஒரு சோதனையும்

ராய்கட் மாவட்டத்துச் சேற்றுப் பாதையில் ஃபோர்-வீல் போட்டு ஏறி இறங்கிய பிக்கப் ஒன்று, சயான்–பன்வேல் நெடுஞ்சாலை வழியாக மும்பையின் செம்பூருக்குள் வருகிறது. தார்ச்சாலையைத் தொட்டதுமே ஓட்டுநர் 2ஹெச்சுக்கு, அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலைக்கு, மாற்றிவிட்டார். வண்டி மாறவில்லை. ஃபோர்-வீல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. தெருமுனையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, டயர் தத்துகிறது, அடியில் 'டக்'கென்று அடிக்கிறது.

இந்த வண்டியைத் தாராவி 90 அடிச் சாலையில் ஒருவரிடமும், குர்லா சி.எஸ்.டி. சாலையில் இன்னொருவரிடமும், செம்பூரில் மூன்றாமவரிடமும் காட்டினால் ஒரே பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தப் புகாருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்புகள் ஐந்து. விளக்கு அணையவில்லை, அதனால் ஃபோர்-வீல் விழுந்தே கிடக்கிறது என்பது முதலாவது. ஷிஃப்ட் மோட்டார் போய்விட்டது என்பது இரண்டாவது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்தே ஆகவேண்டும் என்பது மூன்றாவது. முன் ஹப்போ வேக்குவமோ வேலை செய்யவில்லை என்பது நான்காவது. ஒன்றும் கெடவில்லை, கொஞ்சம் பின்னால் எடுத்தால் விட்டுவிடும் என்பது ஐந்தாவது.

ஐந்தும் முட்டாள்தனமானவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியில் உண்மையாக இருந்திருக்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு எது பொருந்தும் என்பதைச் சோதிக்காமல் சொல்வதுதான் பிரச்சினை. தவறான தீர்ப்புக்கு வண்டிக்காரர் பாகத்தின் விலையையும் சில நாள் வருமானத்தையும் கொடுக்கிறார். அதனால் இந்த ஐந்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

அளவுகோல் மூன்று. கண்ட அறிகுறிகள் எல்லாவற்றையும் அந்தத் தீர்ப்பு விளக்குகிறதா? பாகம் வாங்கும் முன்பே அதைச் சோதித்துப் பொய்யாக்க வழி உண்டா? அது தவறாகப் போனால் இழப்பு எவ்வளவு?

அடியில் நடப்பது என்ன

இங்கே பேசுவது பகுதிநேர நான்கு சக்கர அமைப்பைப் பற்றி. பொலேரோ கேம்பர், மாருதி ஜிப்ஸி, ஸ்கார்ப்பியோ கெட்டவே, டாடா ஸீனான், இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றின் நான்கு சக்கர வகைகள் எல்லாம் இந்தக் குடும்பம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் உண்டு. அவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது.

இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸைக் கடந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. 2ஹெச்சில் அது பின் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு மட்டும் போகிறது. 4ஹெச்சில் பல்வைத்த ஸ்லீவ் ஒன்று நகர்ந்து, சங்கிலி வழியாகவோ கியர் வழியாகவோ முன் ஷாஃப்டையும் அதனோடு பூட்டுகிறது. அந்த ஸ்லீவைத் தள்ளுவது ஒரு ஃபோர்க். ஃபோர்க்கை அசைப்பது பழைய வண்டியில் கை லீவர், புதிய வண்டியில் குமிழைத் திருப்பினால் இயங்கும் மின்மோட்டார். இதற்கு அப்பால், முன் அச்சில் இரண்டாவது இணைப்பிடம் ஒன்றும் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. சிலவற்றில் அது சக்கர ஹப்பில் இருக்கிறது, சிலவற்றில் அச்சுத் தண்டின் நடுவில். கையால் திருப்புவதும் உண்டு, வேக்குவத்தாலோ மின்சாரத்தாலோ இயங்குவதும் உண்டு.

4ஹெச் விழுந்த கணத்திலிருந்து முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போகின்றன. கணக்கு எளிது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி உள்ள வண்டி, பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் போகும்படி ஒரு முனையைத் திரும்புகிறது என்று கொள்வோம். முன் அச்சின் நடு சுமார் 6.7 மீட்டர் ஆரத்தில் போகும். கால் வட்டத்தில் பின் அச்சு 9.4 மீட்டரும் முன் அச்சு 10.5 மீட்டரும் கடக்கும். வித்தியாசம் 1.1 மீட்டர். 2.3 மீட்டர் சுற்றளவுள்ள டயருக்கு அது ஏறக்குறைய அரைச் சுற்று. கிரவுன்-பினியன் விகிதம் 4 என்றால், ஷாஃப்டில் அது இரண்டு சுற்றுக்குப் பக்கம்.

இந்த இரண்டு சுற்று எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கிக் கழித்துவிடும். காய்ந்த கான்கிரீட்டில் டயர் பிடித்துக்கொள்ளும். அப்போது அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளிலும் அச்சுத் தண்டுகளிலும் முறுக்காகத் தேங்குகிறது. அளவு மீறும்போது டயர் தத்துகிறது. தேங்கிய முறுக்கு ஸ்லீவின் பற்களை ஒன்றோடொன்று இறுக்கி அழுத்துகிறது. ஃபோர்க் எவ்வளவு இழுத்தாலும் ஸ்லீவ் வழுக்கி வராது. எதுவும் உடையாமலேயே ஃபோர்-வீல் விடாமல் நிற்க இதுவே காரணம்.

இதிலிருந்து முக்கியமான ஒரு முடிவு கிடைக்கிறது. டயர் தத்த வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸும் பூட்டியிருக்க வேண்டும், முன் அச்சும் பூட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்று விட்டிருந்தாலும் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடும், தத்தல் வராது. ஆகவே தத்தல் உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வி, பல தீர்ப்புகளை உடனே தள்ளிவிடும்.

முதல் தீர்ப்பு: விளக்கு

விளக்கு எரிவதற்குக் காரணம் ஒரு சிறிய சுவிட்ச் அல்லது நிலையறியும் சென்சார். சில வண்டிகளில் அது டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் இருக்கிறது, சிலவற்றில் முன் அச்சில் இருக்கிறது. எந்த இணைப்பிடத்தை அது காட்டுகிறது என்று தெரியாமல் விளக்கை வைத்து முடிவு கட்டுவது சாட்சி எங்கே நின்றிருந்தார் என்று கேட்காமலே சாட்சியத்தை ஏற்பதற்குச் சமம். சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டாலும், இணைப்பியில் தண்ணீர் புகுந்து உப்புப் பூத்தாலும், எல்லாம் சரியாக விட்ட பிறகும் விளக்கு எரியும்.

எதிர்த்திசையிலும் அது ஏமாற்றும். மின்மோட்டார் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றில் மோட்டாருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு சுருள்வில் உண்டு. மோட்டார் 2ஹெச் நிலைக்குத் திரும்பி வில்லை இழுத்து வைத்துவிடும். முறுக்கு தளர்ந்ததும் வில் ஃபோர்க்கைத் தள்ளும். மோட்டாரின் நிலையை மட்டும் பார்க்கும் சென்சாருக்கு வேலை முடிந்துவிட்டது. ஸ்லீவோ இன்னும் பூட்டியே இருக்கலாம்.

ஆகவே விளக்கு தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. விளக்கும் தத்தலும் சேர்ந்தால் செய்தி உண்டு. விளக்கு எரிகிறது, காய்ந்த தரையில் மெதுவாக இறுக்கித் திருப்பினாலும் தத்தல் இல்லை என்றால், ஏதோ ஓர் இணைப்பிடமாவது விட்டிருக்கிறது. அல்லது எல்லாமே விட்டு, சுவிட்ச் மட்டும் பொய் சொல்கிறது. இந்த நிலையில் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்கச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாம் தீர்ப்பு: மோட்டார்

"மோட்டார் போயிருச்சு அண்ணாச்சி, மாத்தினாத்தான் சரியாகும்" என்பது குமிழ் வைத்த வண்டிகளுக்குச் சட்டென்று வரும் பதில். இது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. மோட்டார் வெளியே தொங்குகிறது, தண்ணீர் படுகிறது, உள்ளே சிறு பற்சக்கரங்களும் தொடுமுனைகளும் உண்டு. கெட வாய்ப்புள்ள பாகம்தான்.

ஆனால் மோட்டார் அசையாமல் இருக்க மோட்டாருக்கு வெளியே பல காரணங்கள் உண்டு. ஃப்யூஸ் போயிருக்கலாம். இணைப்பியில் துரு ஏறியிருக்கலாம். வேகம் காட்டும் சென்சாரோ நியூட்ரல் சுவிட்சோ தவறான செய்தி அனுப்பினால், கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரமே விடாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. இவை அனைத்தும் சாதாரண மல்டிமீட்டரால் கண்டுபிடிக்கக் கூடியவை. குமிழைத் திருப்பும்போது மோட்டாரின் இரு கம்பிகளில் 12 வோல்ட் வருகிறதா, எதிர்ப்பக்கம் திருப்பும்போது திசை மாறி வருகிறதா? வந்தும் மோட்டார் ஓசையே இல்லாமல் கிடந்தால் மோட்டார் மேல் குற்றம் சாட்டலாம். வரவில்லை என்றால் புது மோட்டாரும் அசையாது. மோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்து இயக்கிப் பார்த்தால் இன்னும் உறுதியாகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முறுக்கு தேங்கிய வண்டியில் ஸ்லீவ் அசையாது என்று பார்த்தோம். அந்த நிலையிலேயே புது மோட்டாரைப் பூட்டித் திரும்பத் திரும்ப இயக்கினால், அதுவும் திணறிச் சூடாகும். நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டு, புது மோட்டாரையும் கெடுத்ததுதான் மிச்சம். சோதிக்கக் கூடிய தீர்ப்பு என்ற வகையில் மோட்டார் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு. சோதிக்காமல் சொன்னால் அந்த மதிப்பு போய்விடுகிறது.

பழைய ஜீப்புகளில் இந்தக் குழப்பம் குறைவு. இந்தியாவில் ஜீப் பூட்டும் தொழில் மும்பையில் தொடங்கியது. 1945இல் எஃகு வணிகத்தில் இறங்கிய மஹிந்திரா, 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்த வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு லீவர்கள், ஒன்று முன் அச்சுக்கு, மற்றது வேக விகிதத்துக்கு. லீவர் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதை ஓட்டுபவரின் கை உணர்ந்தது. குமிழ் வந்த பிறகு அந்த உணர்வு போய்விட்டது. அதனால்தான் இன்று அளவியும் முறையான சோதனையும் முன்னைவிட அதிகம் தேவைப்படுகின்றன.

லீவர் வண்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். லீவர் நகர்கிறது, ஆனால் அடியில் உள்ள கம்பி நகர்கிறதா? புஷ் தேய்ந்திருக்கலாம், கம்பி வளைந்திருக்கலாம், பாடி இறங்கி லீவர் எங்காவது இடிக்கலாம். கம்பியை டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் கழற்றி, ஷிஃப்ட் கையை நேராகத் தள்ளிப் பார்த்தால் போதும். விட்டுவிட்டால் குற்றம் வெளியேதான்.

மூன்றாம் தீர்ப்பு: திறந்து பார்

குர்லாவின் கபாடியா நகரும் சி.எஸ்.டி. சாலையும் பழைய வாகனப் பாகங்களுக்குப் பேர்போனவை. பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று பக்கத்திலேயே கிடைக்கும்போது, இருப்பதை இறக்கிவிட்டு அதை ஏற்றும் யோசனை ஈர்ப்பதில் வியப்பில்லை. இதற்குச் சாதகமாகவும் நேர்மையாகச் சொல்ல வேண்டியது உண்டு. லீவர் வைத்த பழைய வண்டிக்குப் பாகம் மலிவு, வேலை பழகியது. நாள் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். அந்தக் கணக்கில், உள்ளே கெட்டது உறுதியானால் மாற்றுவது நியாயமான முடிவு.

கேள்வி அந்த உறுதியைப் பற்றியது. உள்ளே கெட என்னென்ன வழிகள்? ஃபோர்க்கின் உராய்வுத் துண்டு தேய்ந்து, ஃபோர்க் நகர்ந்தாலும் ஸ்லீவ் முழுதாக நகராமல் போகலாம். ஸ்லீவின் பற்களில் பிசிறு விழலாம். ஃபோர்க் ஓடும் தண்டு வளையலாம், துருப்பிடிக்கலாம். தவறான எண்ணெய் ஊற்றியிருக்கலாம். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் கியர் ஆயில் கேட்கின்றன, சில ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் கேட்கின்றன. இவை எல்லாம் நடக்கக் கூடியவை. ஆனால் இவை எண்ணெயில் மூழ்கி, மூடிய பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள். வெளியே மழையும் சேறும் படும் பாகங்களைவிட இவை தாமதமாகவே கெடும்.

பெட்டியைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய சாட்சி அதன் எண்ணெய். அடியிலுள்ள பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் வரும். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் மெல்லிய சாந்து போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். சில்லுகளாக இருந்தால் பல் உடைந்திருக்கிறது. எண்ணெய் சுத்தமாக, காந்தத்தில் சில்லு இல்லாமல், கம்பியும் மோட்டாரும் சோதிக்கப்படாமல் இருக்கும்போது பெட்டியை இறக்குவது ஆதாரமற்ற வேலை. தவறாகப் போனால் இழப்பு மிக அதிகம் என்பதால், மூன்றாம் அளவுகோலில் இந்தத் தீர்ப்பு கடைசியில் நிற்கிறது. அதுவும் பழைய பாகத்தின் உள்நிலை வாங்குபவருக்குத் தெரியாது.

ஒரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. ஓடும்போதே மாற்றும் வகைப் பெட்டிகள் பலவற்றில் முன் ஷாஃப்டின் வேகத்தைச் சமன்செய்ய மின்காந்த கிளட்ச் ஒன்று இருக்கும். அது கெட்டால் ஃபோர்-வீல் விழுவதில் சிக்கல் வரும். விடுவதில் அதற்குப் பங்கில்லை. விடாத வண்டிக்கு அந்தக் கிளட்சைக் குற்றம் சொல்பவர், எந்தப் பாகம் எந்த வேலைக்கு என்பதைக் குழப்புகிறார்.

நான்காம் தீர்ப்பு: ஹப்பும் வேக்குவமும்

டீசல் இன்ஜினில் வேக்குவத்துக்குத் தனி பம்பு உண்டு. பிரேக்குக்கு உதவும் அதே பம்பிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் முன் அச்சுக்கோ ஹப்புக்கோ போகும் வண்டிகள் உள்ளன. குழாய் வெடித்தாலும், ஹப் அருகிலுள்ள சீல் தேய்ந்தாலும், இயக்கம் பாதியில் நின்றுவிடும். இரட்டைக் குழாய் அமைப்பில் ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டிவிட்டால், போட வேண்டியபோது விடும், விட வேண்டியபோது போடும். வேறொரு வேலைக்காகக் குழாய்களைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தப் புகார் தொடங்கியிருந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் முன்பு கண்ட முடிவை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஹப் மட்டும் பூட்டியிருந்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் விட்டிருந்தால் டயர் தத்தாது. முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டீசல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். வேகத்தில் ஓர் இரைச்சல் கேட்கலாம். ஆகவே தத்தும் வண்டிக்கு ஹப் தீர்ப்பு தனியாகப் போதாது. தத்தாத, ஆனால் விளக்கு அணையாத வண்டிக்கு இதுவே வலுவான தீர்ப்புகளில் ஒன்று. சோதனைக்குக் கைப் பம்பு ஒன்று போதும். குழாயில் வேக்குவம் நிற்கிறதா என்று நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் தீர்ப்பு: தேங்கிய முறுக்கு

"ஒண்ணும் இல்லை, நேரா வச்சுப் பின்னால எடுங்க" என்பது மிக மலிவான தீர்ப்பு. ஸ்டியரிங்கை நேராக வைத்து, குமிழையோ லீவரையோ 2ஹெச்சில் விட்டு, சில மீட்டர் பின்னோக்கி எடுத்தால் முறுக்கு எதிர்ப்பக்கம் தளரும், 'டக்'கென்று விடும். தானியங்கி ஹப் வைத்த பழைய வண்டிகளுக்கும் இந்தப் பின்னோட்டம் தேவை. காசில்லை, ஐந்து நிமிடம், தவறானாலும் இழப்பில்லை. தத்தல், விளக்கு, இறுக்கம் ஆகிய எல்லா அறிகுறிகளையும் இது விளக்குகிறது. மூன்று அளவுகோலிலும் முதலிடம் இதற்கே.

ஆனால் இது விசாரணையை முடித்துவைக்கும் சாக்காகவும் பயன்படுகிறது. பின்னால் எடுத்து விட்டது, வண்டி போய்விட்டது, அடுத்த மாதம் மறுபடி அதே புகார் என்றால், முறுக்கு ஏன் தேங்கியது என்று கேட்டாக வேண்டும். காய்ந்த சாலையில் 4ஹெச்சில் திருப்பியதாலா? அப்படியானால் பாடம் ஓட்டுநருக்கு. நேர்ச்சாலையிலேயே தேங்குகிறதா? அப்படியானால் டயரைப் பாருங்கள்.

235/70 ஆர்16 டயரை எடுத்துக்கொள்வோம். வெளிச் சுற்றளவு ஏறத்தாழ 2,310 மில்லிமீட்டர். புதிதில் 8 மில்லிமீட்டர் இருக்கும் பள்ளம், 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்தால், சுற்றளவில் 40 மில்லிமீட்டர் குறைகிறது. முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயரும் போட்டு 4ஹெச்சில் ஒரு கிலோமீட்டர் நேராக ஓடினால், இரண்டு அச்சுகளுக்கும் ஏழு சுற்றுக்கு மேல் வித்தியாசம் வரும். பாரத்தில் டயர் நசுங்குவதால் உண்மை அளவு கொஞ்சம் குறையலாம். ஆனால் முறுக்கு தேங்க இது தாராளமாகப் போதும். காற்றழுத்தம் மாறினாலும், இரண்டு டயரை மட்டும் வேறு அளவில் போட்டாலும் இதுவே நடக்கும். பின்னால் எடுத்து விட்டதை வெற்றி என்று எழுதும் முன், நான்கு டயரின் அளவு, தேய்மானம், காற்று மூன்றையும் பார்க்காத மெக்கானிக் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

நடுவராக நிற்கும் சோதனை

ஐந்து தீர்ப்புகளுக்கும் நடுவே தீர்ப்பளிக்கக் கூடிய ஒரு சோதனை உண்டு. அதற்கு வேண்டியது ஜாக்கி, தாங்கு முக்காலி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை.

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டு. கை பிரேக் போட்டிருக்கட்டும். 2ஹெச் தேர்ந்தெடுத்து, கியர்பாக்ஸை நியூட்ரலில் வையுங்கள். அடியில் புகுந்து முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் அச்சும் விட்டிருக்கின்றன. குற்றம் விளக்கிலோ சுவிட்சிலோ.

சுற்றவில்லையா? ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கி முக்காலியில் நிறுத்துங்கள். மறுபடி ஷாஃப்டைச் சுற்றுங்கள். இப்போது ஷாஃப்ட் சுற்றி, தூக்கிய சக்கரமும் கூடவே சுற்றினால், டிரான்ஸ்ஃபர் கேஸ் விட்டிருக்கிறது. முன் அச்சோ ஹப்போ விடவில்லை. வேக்குவத்தையும் ஹப்பையும் பாருங்கள். இப்போதும் ஷாஃப்ட் அசையவில்லை என்றால், அது தரையில் நிற்கும் பின் சக்கரங்களோடு பூட்டிக் கிடக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் விடவில்லை. அப்போது கம்பி, மோட்டார், பிறகு எண்ணெய் என்று போகலாம்.

இந்தச் சோதனைக்கே ஒரு குறை உண்டு. சக்கரத்தைத் தூக்கும்போது தேங்கிய முறுக்கு தளர்ந்துவிடும். அதனால் தூக்கும் கணத்தில் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அடியில் 'டக்'கென்று ஓசை வந்து, அதன்பின் எல்லாம் தாராளமாகச் சுற்றினால், சோதனையே மருந்தாகிவிட்டது என்று பொருள். நோய் தேங்கிய முறுக்கு. இந்த ஓசையைக் கவனிக்காமல் விட்டவர், 'எதுவும் செய்யாமலே சரியாகிவிட்டது' என்று குழம்புவார்.

எச்சரிக்கை ஒன்று. ஒரு சக்கரம் தூக்கியிருக்கும்போது எக்காரணத்துக்கும் இன்ஜினைக் கியரில் இயக்கக் கூடாது. ஃபோர்-வீல் உண்மையிலேயே பூட்டியிருந்தால் தரையிலுள்ள சக்கரங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். அதேபோல, விடாத வண்டியை ஓர் அச்சைத் தூக்கி, மற்றதைத் தரையில் உருட்டி இழுத்துச் செல்லவும் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளிருந்து நொறுங்கும். நான்கு சக்கரமும் ஏற்றும் வண்டி வேண்டும்.

அவசரத்துக்கு முன் ஷாஃப்டைக் கழற்றிவிடுவது பழைய வழக்கம். ஷாஃப்ட் இரு முனையிலும் போல்ட்டால் பிணைந்த பகுதிநேர வண்டியில் அது நல்ல முதலுதவி. வீடு போய்ச் சேரலாம். பெட்டிக்குள் வழுக்கி நுழையும் வகை ஷாஃப்டைக் கழற்றினால் எண்ணெய் வடிந்துவிடும். எப்படியானாலும் அது சிகிச்சை ஆகாது. நாலு சக்கரத்துக்குக் காசு கொடுத்தவரை இரண்டு சக்கரத்தோடு அனுப்புவது தீர்வு என்ற பெயரில் கைவிடுவதுதான்.

மும்பை சொல்லும் சாட்சி

இந்த ஊரின் நிலைமையும் தீர்ப்பில் எடை பெற வேண்டும். இங்கே கான்கிரீட் சாலைகள் அதிகம். காய்ந்தால் டயர் இறுகப் பிடிக்கும். முறுக்கு எளிதாகத் தேங்கும். தாராவியின் சந்துகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்காமல் திரும்ப இடமில்லை.

இரண்டாவது தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது விதிவிலக்கு. ஆனால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அருகே காந்தி மார்க்கெட்டில் முழங்காலளவு நீர் நிற்பது பல மழைக்காலங்கள் பார்த்த காட்சி. ஓடிச் சூடான அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அந்த நீரில் இறங்கியதும் குளிர்கின்றன; உள்ளே காற்று சுருங்குகிறது; காற்றுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கிறது. கடல் ஏறும் நேரத்து வெள்ளத்தில் கழிமுக உப்பும் கலந்திருக்கும். இணைப்பியும் சுவிட்சும் கம்பி மூட்டும் இதில் முதலில் அடிபடுகின்றன.

மூன்றாவது பயன்படுத்தாமை. நகரத்திலேயே ஓடும் வண்டியில் ஃபோர்-வீல் மாதக்கணக்கில் விழுவதில்லை. டொயோட்டா தன் பகுதிநேர நான்கு சக்கர வண்டிகளின் கையேடுகளில், மாதம் குறைந்தது 16 கிலோமீட்டர் ஃபோர்-வீலில் ஓட்டச் சொல்கிறது. முன் பாகங்களில் எண்ணெய் பரவுவதற்காக. மும்பையில் அதைக் காய்ந்த கான்கிரீட்டில் செய்யக் கூடாது. ஈர மண்ணோ சரளையோ உள்ள இடத்தில் நேராக ஓட்டியே செய்ய வேண்டும்.

மூன்றும் ஒரே பக்கம் சுட்டுகின்றன. இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியவை முறுக்கும் வெளிப்பாகங்களும்தான். பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் பிறகுதான். எதிர்வாதம் ஒன்று ஏற்கத் தக்கது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு உள்ளேயும் தண்ணீர் போயிருக்கும். அந்த வண்டிக்கு எண்ணெய்ச் சோதனையை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

தீர்ப்பு

விளக்கை மட்டும் வைத்துச் சொல்லும் முடிவைத் தள்ளுபடி செய்யலாம். மோட்டார் தீர்ப்பை மின்னழுத்தம் அளந்த பிறகே ஏற்கலாம். ஹப், வேக்குவம் என்பதை, தத்தல் இல்லாத வண்டிக்கு வலுவாகவும், தத்தும் வண்டிக்குப் பலவீனமாகவும் கொள்ளலாம். பெட்டியைத் திறப்பதற்கு எண்ணெயோ ஷாஃப்ட் சோதனையோ அனுமதி கொடுத்திருக்க வேண்டும். தேங்கிய முறுக்கை எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டும்; ஆனால் டயரையும் ஓட்டும் முறையையும் பார்க்காமல் அதோடு நிறுத்திவிடக் கூடாது. வரிசை இது: பின்னால் எடு, டயரைப் பார், ஷாஃப்டைச் சுற்று, மின்சாரமும் வேக்குவமும் அள, எண்ணெயைப் பார், பிறகு திற.

இந்த வரிசை தெரியாத மெக்கானிக்குகள் மும்பையில் குறைவு. தெரிந்தும் அதைத் தாண்டிப் பாகத்துக்குப் போவதற்குக் காரணம் கூலி முறை. நம் பணிமனைகளில் பாகம் மாற்றினால் காசு உண்டு. ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டைச் சுற்றி, 'உங்கள் மோட்டார் நன்றாக இருக்கிறது' என்று சொல்பவருக்கு எவரும் காசு கொடுப்பதில்லை. 1915 முதல் இயங்கும் மாட்டுங்கா ரயில் பணிமனையில் ரயில்பெட்டி பழுதுபார்ப்புக்கு வரும்போது, சோதனையே சம்பளம் பெறும் வேலை. சாலையோரப் பணிமனையில் அந்த வேலை இலவசம் என்று நாம் நினைக்கும்வரை, ஊகமே மலிவாக இருக்கும்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை ஃபோர்-வீல் விடாத வண்டியைக் கொண்டுபோனால், எந்தப் பாகம் என்று கேட்கும் முன், எந்தச் சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள். செய்தவருக்கு, எதையும் மாற்றாவிட்டாலும், அந்தச் சோதனைக்கான கூலியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.